பூஜ்ஜியம் என்று எழுதிய நாட்கள்

கெரெஷ் ஆற்றங்கரை ஊரில்
தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் இருந்தது எங்கள் தொலைநோக்கி.
நூற்றுத்தொண்ணூறு படி.
காலுக்குக் கீழே ஊர் குடிக்கும் நீர் முனகும்.
தலைக்கு மேல் நெருப்பு.
நடுவில் நான், போர்பாலா,
மேகம் விலகும் ஒரு நொடிக்காகக்
கையுறையோடு நிற்பவள்.

எழுபத்தொன்பதில் வேலைக்குச் சேர்ந்தேன்.
அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது சூரியன்.
ஒரே தட்டில் நூறு புள்ளி எண்ணி,
கண் எரிந்து, எண்ணியதை மறந்து,
மறுபடி ஒன்றிலிருந்து.
"பட்டாணி விற்கிறவள்கூட இவ்வளவு எண்ண மாட்டாள்"
என்பான் டெஜோ.
அவளிடம் தராசு இருக்கிறது, என்னிடம் இல்லை.

புள்ளிகள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வரும்.
முன்னே போவது ஒன்று, பின்தொடர்வது ஒன்று.
முன்னது நடுக்கோட்டுப் பக்கம் சற்றே சரிந்திருக்கும்.
அந்தச் சரிவை அளப்பதுதான் என் பிழைப்பு.
மூன்று பாகை, ஏழு பாகை,
சில நாள் முரண்டு பிடித்து எதிர்ப்பக்கம்.
வடக்கே முன்னது வடமுனை என்றால்
தெற்கே முன்னது தென்முனை.
ஏறக்குறைய பதினோரு வருடம் இந்த ஒழுங்கு,
பிறகு அப்படியே தலைகீழ்.
பழைய முகத்துக்குச் சூரியன் திரும்ப
இருபத்திரண்டு வருடம் பிடிக்கும்.
அதற்குள் பிள்ளை பெற்று வளர்த்துவிடலாம்.
நாங்கள் பெறவில்லை.

நகராட்சிக் கூரையிலிருந்து
சிவப்பு நட்சத்திரத்தை ஏணி வைத்து இறக்கினார்கள்.
எங்கள் தெருவுக்கு வேறு பெயர் வந்தது.
தபால்காரர் வெண்டெல் ஒரு வருடம்
இரண்டு பெயருக்கும் சலிக்காமல் கடிதம் கொடுத்தார்.
அதே சமயத்தில்தான் சூரியனின் முனைகளும்
புரண்டுகொண்டிருந்தன.
விருந்தொன்றில் யாரோ
இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பேச,
தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.
சூரியன் எந்தக் கட்சியும் இல்லை.
வடமுனை முதலில் மாறியது, தென்முனை தாமதித்தது.
இடைப்பட்ட மாதங்களில்
இரு கோடியிலும் ஒரே காந்தம்.
அப்படியும் ஒன்றும் இடிந்து விழவில்லை.

இரண்டாயிரத்து ஏழின் கடைசி.
டெஜோ இல்லை. முட்டியில் வலி.
புள்ளிகள் வருடம்தோறும் கீழிறங்கி
நடுக்கோட்டருகே வந்து சேர்ந்திருந்தன.
எதிரெதிர்க் காந்தங்கள் ஒன்றையொன்று தின்று தீர,
ஒரு நாள் தட்டு வெறுமையாக வந்தது.
பூஜ்ஜியம் என்று எழுதினேன்.
மறுநாளும்.
அதற்கு மறுநாளும்.
ஒரு முறை, மூன்றாவது தட்டில்,
புள்ளி!
விரலால் தடவினேன். தூசி.
முனையோரங்களில் மட்டும் வெண்துகள் சில மினுங்கின.
சிதைந்த பின்புள்ளிகளின் மிச்சம்
வருடக்கணக்கில் நகர்ந்து அங்கே போய்ச் சேரும்,
அடுத்த சுழற்சிக்கு அதுவே விதை என்கிறார்கள்.
சொல்லலாம்.
படி ஏறும் முட்டிக்கு அதில் ஆறுதல் இல்லை.

பிறகு ஒரு குளிர்காலக் காலை.
மேகம் பிளந்தது பதினொரு நிமிடம்.
வடக்கே, முப்பது பாகைக்கும் மேலே,
நடுக்கோட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத உயரத்தில்
ஊசி குத்தியது போல் ஒன்று, பக்கத்தில் இன்னொன்று.
என் தட்டில் காந்தம் தெரியாது.
டெப்ரெட்சனுக்குப் போன் போட்டேன்.
விண்கலம் அனுப்பிய படத்தைத் தேடினான் கால்மான்.
அவன் சுட்டியைத் தட்டும் சத்தம் கேட்டது.
"முன்னது என்ன நிறம்?"
"இரு."
"என்ன நிறம்?"
"கறுப்பு."

பன்னிரண்டு வருடமாக வடக்கே முன்னது வெள்ளை.
நான் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது,
"இருக்கிறாயா, போர்பாலா?" என்றான்.
இது மறுபடி புரளும்போது எனக்கு வயது என்ன என்று
விரல் விட்டுக்கொண்டிருந்தேன்.
அதற்குள் கீழே மோட்டாரைப் போட்டார்கள்.
தொட்டி நடுங்கியது, எடுத்த தட்டு கலங்கிப்போனது,
இன்னொன்று எடுப்பதற்குள் மேகம்.

இரண்டு என்று எழுதினேன், கலங்கிய தட்டை நம்பி.
மறுநாள் பூஜ்ஜியம்.